வெடிக்கு முன்னால் ஒரு ரீடிங்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. சுரங்கத்தில் ஒரு மண்மேட்டின் உச்சியில் விரிசல் விட்டிருந்தது. அந்த மண்ணில் களிமண் அதிகமென்றால் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு மேடே இறங்கிவிடும். அதன் அடியில் ஓடும் மண் வெட்டும் மெஷினில் இரண்டாவது ஷிப்டுக்குப் போக வேண்டியவர் என் கணவர். அந்த மண்ணைச் சோதிக்க வேண்டியவள் நான்.

எங்கள் லேபில் பழைய முறைதான் வேதம். ஊறவைத்த மண்ணை உயரமான கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடு கலக்கி, மணலும் வண்டலும் இறங்கி, களிமண் மட்டும் மிதக்கும்வரை காத்திருந்து, பிப்பெட்டில் உறிஞ்சி, காயவைத்து நிறுக்க வேண்டும். ஜாடி அசையவே கூடாது. மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைத்தால் மேஜை அதிரும். அதனால் வெடி முடிந்த பிறகுதான் கலக்குவோம், முடிவு மறுநாள்தான். அதற்குள் இரண்டாவது ஷிப்டு இறங்கி ஏறிவிடும்.

புதிதாக வாங்கிய ஹைட்ரோமீட்டர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜாடியில் மிதக்கவிட்டால் இரண்டு மணி நேரத்தில் களிமண் அளவைச் சொல்லிவிடும். யாரையும் கேட்காமல் வெடிக்கு முன்னாலேயே கலக்கிவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்பார்கள், எனக்குத் தெரியாதா?

கடைசி ரீடிங்குக்குக் காத்திருந்தபோதே வெடிக்கான சைரன் ஊதிவிட்டது. நேரம் ஆனதும் குனிந்து பார்த்தேன். களிமண் குறைவென்றால் தாழ்ந்திருக்க வேண்டிய மிதவை, தாழாமல் திமிராக நின்றது.

லேப் ஆபீசரைக் கூப்பிட்டேன். வந்தவர் ஜாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் அங்க டூட்டியில இல்லன்னா இவ்ளோ அவசரப்படுவீங்களாம்மா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பட மாட்டேன் சார். ஆனா என் வீட்டுக்காரர் யாருன்னு மண்ணுக்குத் தெரியாது. நீங்களே குனிஞ்சு பாருங்க, வெடி வைக்கப் போறாங்க."

குனிந்து படித்தார். அவர் நிமிர்வதற்குள் வெடியதிர்ச்சியில் ஜாடிகள் கிணுகிணுத்தன. உடனே போனை எடுத்தார்.

மெஷினை நிறுத்தி, இரண்டாவது ஷிப்டைக் கேன்டீனிலேயே உட்கார வைத்தார்கள். நான் குவார்ட்டர்ஸுக்கு வந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்தேன். மேடு அசையாமல் நின்றுவிட்டால் லேபில் தலைகாட்ட முடியாது. விழட்டும் என்று நினைக்கவும் மனசு வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மேடு சரிந்தது. மெஷினில் என் கணவர் ஏற வேண்டிய ஏணி மண்ணுக்குள் போய்விட்டது. ஷிப்டுக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கணவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எந்தப் புண்ணியவானோ மெஷினை நிறுத்தியிருக்கான்."

"புண்ணியவானும் இல்லை, ஒருத்தனும் இல்லைங்க. நான்தான்" என்றேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.