பானையின் கறுப்பு என்னுடையது

ஆம்பூரில், பாறை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டினேன். கொத்தனார் முடியாது என்று போன பிறகு, தோல் பதனிடும் டேனரிக்கு ஆறு தொட்டிகள் கட்டினேன். மாடி வைத்து வீடு கட்டினேன். படிக்கட்டு கொஞ்சம் செங்குத்து, அது இடத்தின் குற்றம். எல்லாம் மூன்றாம் வகுப்புப் படிப்பில். ஆனால் நான் செய்ததிலேயே பெரியது ஒரு பானையின் கறுப்பு. அதற்குத்தான் இன்னும் என் பேர் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் தெரு ஓவிய வாத்தியார் ஒடுகத்தூர் பக்கம் உழுத நிலத்தில் கிடைத்த பழைய பானை ஓடு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதே மாதிரி புதிதாகச் செய்து வேலூர் கண்காட்சியில் வைக்க அவருக்கு ஆசை. நன்றாகத்தான் வனைந்தார். சுட்டால் எல்லாம் செங்கல் நிறம்.

"கவுத்து வெச்சு வாயைப் பொதைக்கணும்னு புக்குல இருக்கு அண்ணே. வைக்கோல்ல பொதைச்சா பொசுக்குனு எரிஞ்சு போய்டுது."

"வைக்கோல் இன்னா வாத்தியாரே, ஒரு பீடிக்குத் தாங்குமா? எரியக்கூடாது, பொகையணும்."

டேனரியில் தோல் ஊறிய மரப்பட்டைச் சக்கை மலையாகக் கிடக்கும். தீப் பிடித்தால் எரியாமல் நாள் கணக்கில் கனியும். ஒரு வண்டி கொண்டுவந்து, பானைகளை அதில் கவிழ்த்து, வறட்டி அடுக்கி மூட்டி, நன்றாகப் பழுத்ததும் மண் போட்டு மூடினேன்.

மத்தியானம் புகை தெருவில் இறங்கியது. அனுமதியில்லாத டேனரிகளைப் பூட்டிக்கொண்டிருந்த காலம். அந்த வாடைக்கு யாருக்குப் பானை ஞாபகம் வரும்? நான் கொல்லையில் திருட்டு டேனரி நடத்துவதாக யாரோ போன் போட்டுவிட்டார்கள். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார்.

"தோல் எங்க?"

"தோல் இல்ல சார், பானை."

"பானை இப்படியா நாறும்? பிரிங்க."

வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சூட்டோட பிரிச்சா காத்து பூந்து கறுப்பு போய்டும் சார். நாளைக்குக் கண்காட்சி!"

அதிகாரி டிரைவரிடம் கடப்பாரை கேட்டார். நான் நாலு ஈரச் சாக்கை மண்மேட்டில் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி குடத்தோடு வந்தாள். "இன்னா, அடைகாக்கிறீங்களா? குஞ்சு எப்போ பொரியும்?"

"காலைல. நீ தண்ணிய ஊத்து."

அவள் ஊற்ற ஊற்ற என்னைச் சுற்றி ஆவி எழும்பியது. அதிகாரியே பயந்துவிட்டார். "பெரியவரே, எறங்குங்க. வெந்துடுவீங்க."

"சுண்ணாம்புத் தொட்டியில நின்னவன் சார் நான். நீங்க தேடுற பதமான தோல் இங்க இது ஒண்ணுதான்."

சிரித்துவிட்டார். காலையில் வருவதாகச் சொல்லிப் போனார். ஆனாலும் நம்பாமல், விளக்கு வைக்கும்வரை நான் இறங்கவில்லை.

காலையில் மண்ணைத் தள்ளினால், வெளியே சிவப்பு, உள்ளே எருமைக்கன்று முதுகு மாதிரி மினுமினுப்பாகக் கறுப்பு. ஒன்பதில் ஏழு தேறின. அதிகாரி ஒவ்வொன்றிலும் தலையை விட்டுத் தோல் தேடிவிட்டுப் போனார்.

மூன்று நாள் நின்றபடிதான் சாப்பிட்டேன். அதனால் கண்காட்சிக்குக் கடைசி நாள்தான் போக முடிந்தது. பானைகளுக்கு முன்னால் வைத்திருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வடிவமும் நுட்பமும்: ஓவிய ஆசிரியர். உதவி: உள்ளூர்த் தொழிலாளர்.'

"வாத்தியாரே, இதுல நான் யாரு?"

"உதவி அண்ணே."

"உதவியா உக்காந்து பாருங்க, தெரியும்!"

இன்றைக்கு அந்த மாதிரிப் பானை பெரிய ஊர்க் கடைகளுக்கெல்லாம் போகிறது, அதே அட்டையோடு. வடிவம் வாத்தியாருடையது, மறுக்கவில்லை. அதன் கீழே 'கறுப்பு' என்று தனி வரி போட்டு, என் பேரைத் தகப்பன் பேரோடு அச்சடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியவள் பேரும் வேண்டுமென்று வீட்டில் பேஜார். போடட்டும். எழுத்து மட்டும் என்னுடையதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும்.