சரோ இழுத்து வந்த வாங்கு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் செய்தி வந்தது: சரோஜா இறந்துபோய்விட்டாள். நான் ஒரு நோயாளியின் கட்டிலருகே இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். எங்களோடு தாதியர் பயிற்சி பெற்றவர்களுக்கு, நான் ஏன் வாங்கில் போய் உட்கார்ந்தேன் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சிப் பக்கத்தில், யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த ஆஸ்பத்திரியொன்று பாடசாலைக் கட்டடத்தில் இயங்கியது. நாங்கள் அங்கேதான் படித்தோம். வகுப்பில் நான் கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. சரோ தர்மபுரத்திலிருந்து வந்தாள். பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நோயாளியோடு பேசுவதென்றால், மூலையில் கிடந்த பள்ளிக்கூட வாங்கைக் கிறீச்சென்று இழுத்து வந்து கட்டிலருகே போட்டு உட்காருவாள். அந்தச் சத்தத்தை விடுதியில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தவள் நான்தான்.

பயிற்சி ஆசிரியைக்கு அது பிடிக்கவே இல்லை. "நேர்ஸ் எண்டால் நிண்டு வேலை செய்யவேணும். இருந்து கதைக்க நீர் என்ன விருந்துக்கோ வந்தனீர்?" என்றார்.

"நின்னுக்கிட்டுக் கேட்டா நமக்கு அவசரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுது மிஸ்," என்றாள் சரோ.

"சோதினையில இப்பிடி இருந்து நேரத்தைப் போக்கினீரெண்டால் பெயில்தான்."

பெயிலானால் அவளுக்கு மறுபடி மிளகாய்த் தோட்டத்துக் கூலிவேலை. அவளை நம்பி வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள்.

இறுதிச் செய்முறைப் பரீட்சைக்கு வவுனியாவிலிருந்து ஒரு பரீட்சகர் அம்மா வந்தார். ஒருவருக்கு இருபது நிமிடம். சரோவுக்குக் கிடைத்தவர் துணுக்காய் ஊரிலிருந்து வந்த விவசாயி ஒருவர். மலேரியாக் காய்ச்சல். மூன்று நாளாகக் குளிசை விழுங்கக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. யாரோடும் பேசாமல் முறைப்பார். அவர் அவளுக்கு வாய்த்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். உதவிக்கென்று அருகில் நின்றேன்.

சரோ குளிசையை நீட்டினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். குளிசையைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, போய் வாங்கை இழுத்து வந்தாள். வாட்டு முழுக்கக் கிறீச்.

"நேரம் போகுது, பிள்ளை," என்றார் பரீட்சகர்.

"இவரு கோவத்துல இல்ல மிஸ். பயந்துபோய் இருக்காரு," என்றாள். பிறகு அவரிடம், "ஐயா, வீட்டுல யாருக்கு முடியல?"

நிமிடங்கள் ஓடின. அவள் அசையவில்லை. கடைசியில் மனிதர் இடுப்பில் கட்டிய சாரத்தின் ஓரத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தார். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய குளிசைகள்.

"வீட்டில மகள் பெட்டைக்குக் காய்ச்சல், மிஸ்ஸி. அங்க மருந்தில்லை. நாக்குக்குக் கீழ வைச்சு எடுத்தனான்."

பரீட்சகர் கட்டிலில் தொங்கிய மருந்து அட்டையை எடுத்தார். "குடுத்ததெண்டு கையெழுத்து வைச்சது ஆர்?"

நான்தான். விழுங்கினாரா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. சரோவுக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும்.

"மொதல்ல அந்தப் புள்ளைய இங்க கொண்டாரச் சொல்லுவோம் மிஸ். மருந்தப் பங்கு போட்டா ரெண்டு பேருக்குமே சுகமாகாது," என்றவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் மிஸ்," என்றேன்.

சரோ வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். நான் வால்பக்கமாகத் தேறினேன். என் வாழ்நாளில் தோற்றதற்காகச் சந்தோசப்பட்டது அந்த ஒருமுறைதான். அந்தச் சிறுமியைச் சைக்கிளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இருவருக்கும் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பிள்ளை அந்த வாங்கில் இருந்து காலாட்டிக்கொண்டே பாண் தின்றாள். அடுத்த கிழமை எங்கள் ஆசிரியை தானே ஒரு வாங்கை இழுத்து வந்தார். யாரும் சிரிக்கவில்லை, சரோ மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை அந்த வாங்கும், வீட்டில் யாருக்கு முடியவில்லை என்ற அந்தக் கேள்வியும். என் வாட்டில் பயிலும் பிள்ளைகள் வாங்கில் இருந்துதான் கேட்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான் உட்கார்ந்த வாங்குக்கு அருகே கட்டிலில் படுத்திருந்த அம்மாவிடம் முதல்நாள்தான் அப்படிக் கேட்டிருந்தேன். செய்தி கேட்டு உட்கார்ந்திருந்த என் முகத்தை அவர் பார்த்தார். குளிசையை வாங்கக் கை நீட்டவில்லை.

"என்ன மிஸ்ஸி, வீட்டில ஆருக்கும் உடம்புக்கு ஏலாதோ?" என்று கேட்டார்.

மறுபடியும் நீ வென்றுவிட்டாய், சரோ.