சாரல் நின்றதும் நீக்க வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் நின்றதும் லாட்ஜுகளில் சீசனுக்கு எடுத்த ஆட்களை ஒரே நாளில் அனுப்பிவிடுவார்கள். வரவேற்பறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் நானும் தென்காசியில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, அடுத்த சீசன் வரை மதினி போடும் சோற்றைத் தின்ன வேண்டும். "என்ன, சீசன் முடிஞ்சிட்டாக்கும்?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் தட்டை வைப்பாள்.

அதனால்தான் முதலாளி அண்ணாச்சி சொன்ன வார்த்தையை நம்பினேன். அவருக்கு மூன்று லாட்ஜ். காசு கொடுத்து மென்பொருள் வாங்க மனம் வராமல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தார். வந்துபோன ஆட்களெல்லாம் கண்டதையும் அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். "இந்தக் குப்பைய ஒழுங்கு பண்ணிக் குடும்மா, வருஷம் பூரா உன்னைய வச்சிக்கிடுதேன்" என்றார்.

லினக்ஸில் மென்பொருள்கள் தனித்தனி பேக்கேஜாக வரும். எது எதை நம்பி நிற்கிறது என்று பார்த்து ஏற்றுவதும் இறக்குவதும் பேக்கேஜ் மேனேஜரின் வேலை. சேர்ந்து பிழைக்கும் பேக்கேஜ்களை ஒரு குழுவாக்கிப் பெயர் வைத்துவிட்டால், பெயரைச் சொன்னாலே மொத்தமும் வந்து உட்காரும். நீக்கச் சொன்னால் மொத்தமும் போகும். அறைப் பதிவையும் பில்லையும் வரவேற்புக் குழுவில் வைத்தேன். கணக்கு, அலுவலகக் குழுவில். பிரிண்டரை இயக்கும் மென்பொருளும் தமிழ் எழுத்துருவும் எல்லோருக்கும் வேண்டியவை என்பதால் அடிப்படைக் குழு என்று தனியாக ஒன்று. அண்ணன் வீட்டு அடுக்களையில் ஒரு டப்பாவை இடம் மாற்றி வைக்கக்கூட உரிமையில்லாதவள் நான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் மருமகன் நிர்வாகம் பார்க்கச் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். லாட்ஜில் சீசன் கட்டில், சீசன் மெத்தை, சீசன் வாளி என்று தனியாக உண்டு. கூட்டம் போனதும் மொட்டை மாடி அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு மூளை வேலை செய்துவிட்டது.

"சீசன்னு ஒரு க்ரூப் போடுங்க. பிரிண்டர், தமிழ் எழுத்து எல்லாம் அதுல போகட்டும். ஆஃப் சீசன்ல யாரு பில் கேக்கப் போறாங்க?"

"சார், பில் சாஃப்ட்வேரு பிரிண்டர நம்பித்தான் நிக்குது. அத எடுத்தா இதுவும் சேந்து போயிரும்."

"சொன்னதைச் செய்யுங்கம்மா."

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மருமகன் சொன்னபடியே மாற்றி வைத்தேன்.

சாரல் நின்றது. "அடுத்த சீசனுக்குச் சொல்லி விடுதேன்" என்றார் அண்ணாச்சி. வருஷம் பூரா வைத்துக்கொள்வதாகச் சொன்னீர்களே என்று கேட்டதற்கு, "அதான் எல்லாம் ஒழுங்காயிட்டுல்லா, இனி உனக்கு என்ன வேலை?" என்றார். நான் போன பிறகு மருமகன் தன் கையாலேயே சீசன் குழுவை நீக்கியிருக்கிறார். இன்னின்னவையும் சேர்ந்து போகும், சரியா என்று கம்ப்யூட்டர் கேட்காமல் விடாது. கட்டிலை மாடிக்கு அனுப்புகிற தோரணையில் சரி என்று தட்டியிருப்பார்.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக அருவிக்கு வருவார்கள் என்பது இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மருமகனுக்குத் தெரியவில்லை. வரவேற்பறை நிறைய சாமிமார் நிற்க, பில்லும் இல்லை, பிரிண்டும் இல்லை. தமிழில் பதிந்த பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். அண்ணாச்சி போன் போட்டார்.

"ஏம்மா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மதினியிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனேன். சீசன், வரவேற்பு என்று இரண்டு குழுக்களின் பெயரைத் தட்டினேன். கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. அண்ணாச்சி திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா வருஷம் பூரா வேலை கேட்ட?"

டீயைத் தொடாமல் பஸ் ஏறினேன்.

இப்போது அதே தெருவில் வேறொரு முதலாளியின் லாட்ஜில் வேலை பார்க்கிறேன். இங்கே நான் எந்தக் குழுவும் பிரிக்கவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. எதை எடுத்தால் எது விழும் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அடிக்கடி ஏதாவது நின்றுபோகும், "அக்காவக் கூப்பிடுங்க" என்று ஓடி வருவார்கள். இந்த வருஷச் சீசன் முடிந்து வெகு நாளாகிறது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை.