கௌதள்ளி வயலில் கார்த்திகை

போன வாரம், வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் தாளை உதறி விரித்தார். அந்த மொறமொறச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு மைசூர் மறந்துபோய்விட்டது. காட்டோரக் கிராமமான கௌதள்ளிக்கு அப்பால் ஒரு சோள வயலில் நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கண் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்த புதிதில், வானம் பார்க்கும் குழு ஒன்றிலும் சேர்ந்தேன். நட்சத்திரங்கள் மேல் அப்படியொன்றும் ஆசையில்லை. ஹாஸ்டலின் சனிக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் வேனில் போவோம். அறுவடை முடிந்த வயலில் தார்ப்பாய் விரித்து, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவோம். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். வயல்காரர் முதல் தடவை எங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க ஊர்ல வானம் இல்லீங்களா?" என்று கேட்டார்.

குழுவை நடத்தியவர் சேவியர் சார். ஸ்கூலில் கணக்கு வாத்தியார். டெலஸ்கோப்பின் கண்ணாடியை மாதக்கணக்கில் தன் கையாலேயே தேய்த்துச் செய்தவர். அவர் மனைவி பிலோமினா அக்கா வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஃபிளாஸ்க்கோடும் கம்பளியோடும் கூடவே வருவார். அந்தக் காபியில் சுக்கு வாசனை தூக்கலாக இருக்கும். இன்றைக்கும் சுக்கு வாசனை வந்தால் எனக்குக் குளிர்கிறது.

இப்படி வானம் பார்க்கப் போன ஒரு முகாமில் அக்கா நீட்டிய டம்ளருக்குச் சார் கை நீட்டினார். கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. பிறகு அவர் நடப்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு அடியையும் காலால் தடவிப் பார்த்துத்தான் வைத்தார்.

"சார், ராத்திரியில கண்ணு எப்படித் தெரியுது?"

"ஏம்மா, இங்கயும் டியூட்டியா?" என்று சிரித்தார். ஆனால் அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

விழித்திரை நோய். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு பக்கவாட்டில், பிறகு மிச்சமும். டாக்டர் நிதானமாக, மறைக்காமல் சொன்னார். மருந்து இல்லை. நான் கதவருகே கேஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் சார் கேட்டது ஒன்றுதான்: "குரூப்ல யாருக்கும் சொல்ல வேண்டாம்மா. இந்த சீசன் முடியட்டும்."

அந்த சீசனில் அவர் மனப்பாடமாகவே வானத்தைக் காட்டினார். திசையையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு பச்சை லேசரை நீட்டுவார். அது சரியான இடத்தில்தான் போய் நிற்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தை மாத முகாமுக்குப் புதிதாக நான்கைந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவர்களைத் தார்ப்பாயில் உட்காரவைத்துச் சார் ஆரம்பித்தார். நான் வேனிலிருந்து கம்பளிகளை எடுத்துக்கொண்டு வந்தேன். வானத்தை நிமிர்ந்து பார்த்தேன். பருவம் தப்பிய மேகம் பாதி வானத்தை மூடியிருந்தது. சாரின் பச்சைக் கோடு அதில் போய் முட்டி நின்றது.

"இதான் கார்த்திகை. ஆறு தெரியும். கண்ணு நல்லா இருந்தா ஏழு. எண்ணிச் சொல்லுங்க பாப்போம்."

யாரும் எண்ணவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சார் மறுபடி, "என்ன, எத்தன வருது?" என்றார்.

நான் கம்பளிகளைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போனேன். "சார், மேகம் வந்திருச்சு. காபி குடிச்சிட்டு அப்பறம் பாக்கலாம்."

லேசர் அணைந்தது. "எப்பலேர்ந்து?"

"இப்பத்தான் சார்."

முன்னால் உட்கார்ந்திருந்த பெண், பாவம், அவளுக்கு என்ன தெரியும், "இல்ல சார், ஆகலே மோடா பந்துபிட்டிதே. மேகம் ரொம்ப நேரமா இருக்கு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள்.

பிலோமினா அக்கா வந்து சாரின் கையிலிருந்த லேசரை வாங்கிப் பைக்குள் வைத்தார். "வாங்க, உக்காருங்க" என்று தோளைப் பிடித்து நாற்காலிக்குக் கூட்டிப்போனார். எத்தனையோ பேருக்குக் கண்ணில் மருந்து விட்ட கை எனக்கு. அன்றைக்கு அதை எங்கே வைத்துக்கொள்வதென்றுகூடத் தெரியவில்லை. மேகம் கலைந்தபிறகும் யாரும் டெலஸ்கோப் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு குழு தானாகவே கரைந்துபோனது. டெலஸ்கோப்பை ஒரு பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. சாரையும் அக்காவையும் மகன் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டான்.

அந்த வயல் இப்போது ரிசார்ட். இந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஊழியர்களோடு அங்கே தங்கப் போனேன். சோளம் நின்ற இடத்தில் புல்தரை. அதைச் சுற்றிக் கம்பங்களில் வெள்ளை விளக்குகள். மேலே பார்த்தால் வானம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் விளக்கை அணைக்க முடியுமா என்று மேனேஜரைக் கேட்டேன்.

"ஆகல்ல மேடம். அணைச்சா ஆனை வரும்" என்றான், தன்மையாகத்தான்.

அவன் சொல்வதும் நியாயம். நான் அறைக்குள் போய்ப் படுத்தேன். திரைச்சீலையை எப்படி இழுத்துவிட்டாலும் அந்த வெளிச்சம் உள்ளே வந்துகொண்டே இருந்தது.