அப்பாவுக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

என்னை யார் வளர்ப்பது என்று இரண்டு வீட்டார் கோர்ட்டுக்குப் போனார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்காகவும் யாரும் வழக்குப் போட்டதில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என்னைப் பெற்றதும் அம்மா இறந்துபோனாள். தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமாவும், பிள்ளையில்லாத அத்தையும் என்னை எடுத்து வளர்த்தார்கள். அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டியில் வேலை. நல்லநாள் பெரியநாளுக்கு ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வருவார், பேசாமல் உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். "தாய் செத்தா தகப்பன் சித்தப்பன்" என்று அத்தை அடிக்கடி சொல்வாள். அப்படியானால் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். வீடே சிரித்தது, அப்பாவைத் தவிர.

அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்டு என்னைக் கேட்டார். மாமா மறுத்துவிட்டார். மாமாவின் வக்கீல் ஒளிவுமறைவில்லாதவர். "பெத்த தகப்பன் கேட்டா குடுக்கத்தான் வேணும் அண்ணாச்சி. புதுச் சட்டமும் அதத்தான் சொல்லுது. புள்ளையப் பாத்துக்க அவருக்குத் துப்பில்லன்னு காட்டினாத்தான் நமக்கு வழி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவின் துப்பைப் பற்றியே பேச்சு. சித்தி வந்தால் கரண்டியைக் காய்ச்சி எனக்குச் சூடு போடுவாள் என்பதும் கூடவே எனக்குச் சொல்லப்பட்டது.

வழக்கு திருநெல்வேலியில் நடந்தது. தீர்ப்புக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை வெளியே கூட்டிப்போகலாம் என்று ஜட்ஜ் அனுமதித்தார். சித்தி பிள்ளையின் பக்கத்தில் வரக்கூடாது என்று மாமா ஒரு நிபந்தனை போட்டார். அப்பா கோர்ட்டிலேயே அதற்கு வாக்குக் கொடுத்தார்.

ஆனி மாதம், நல்ல சாரல். பஸ் ஏறிக் குற்றாலம் போனோம். அப்பா மங்குஸ்தான் வாங்கி உரித்து உரித்துக் கொடுத்தார். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாததால் நான் நிறையத் தின்றேன். அருவிக்கு வந்ததும் அவர் தயங்கி நின்றார். பெண்கள் குளிக்கிற பக்கம் ஆண்கள் போக முடியாது, என்னைத் தனியாக விடவும் முடியாது. பக்கத்தில் ஓர் அக்கா கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"இந்த அக்கா கூடப் போயிக் குளிச்சிட்டு வா. நான் இங்கனயே நிக்கேன்" என்றார்.

அந்த அக்கா என்னைப் பாறையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். அத்தை தேய்த்தால் காது வலிக்கும். இவளோ என் காதுமடலை ஒரு கையால் மூடிக்கொண்டு தேய்த்தாள். அருவியைக் கண்டு நான் அலறியபோது இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "பயப்படாதட்டி, நான் பிடிச்சிருக்கேம்லா" என்றாள். தலை துவட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, அப்பாவிடம் கொண்டுவந்து விட்டாள். இருவரும் ஒருவார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

கோர்ட்டில் ஜட்ஜ் என்னைப் பக்கத்தில் அழைத்து, "அப்பா உன்னை நல்லா பாத்துக்கிட்டாரா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அத்தை எனக்கு அழுகை சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் அழவில்லை.

"நல்லா பாத்துக்கிட்டாக. குத்தாலத்துல ஒரு அக்கா கூட என்னை அனுப்புனாக. அந்த அக்கா எண்ணெ தேச்சு, குளிப்பாட்டி, சடை போட்டு விட்டாக."

"எந்த அக்கா?"

"தெரியாது. அங்கன நின்னாக."

மாமாவின் வக்கீல் துள்ளி எழுந்தார். பெற்ற பெண்ணை, அதுவும் அருவிக்கரையில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஒப்படைக்கிறவரா இந்தக் குழந்தையை வளர்க்கப்போகிறார் என்று கேட்டார். ஜட்ஜ் அப்பாவைப் பார்த்து, அந்தப் பெண் யார் என்றார்.

"தெரியாதுங்கய்யா" என்றார் அப்பா.

நான் மாமா வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மாமா எல்லோருக்கும் அல்வா வாங்கினார். வாசலில் அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலடியிலேயே கிடந்தது. நான் எடுத்துக்காட்டினேன். போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என் கல்யாணத்துக்கு அப்பா சித்தியை அழைத்துக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் நுழைந்தபோதே எனக்கு அந்த முகம் தெரிந்துவிட்டது. அருவியில் என்னைக் குளிப்பாட்டியவள்தான். சித்தி என்ற பேரைக் கேட்டாலே நான் மிரள்வேன் என்று, பேர் சொல்லாமல் ஒருநாளாவது என்னோடு பழகட்டும் என அவளை முன்கூட்டியே அங்கே வரச்சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் உண்மையைச் சொன்னால் வாக்குத் தவறியவர், சொல்லாவிட்டால் பொறுப்பில்லாதவர். எப்படியும் தோல்விதான் என்று ஆனபிறகு, அவள் பேர் கோர்ட்டில் அடிபடாத தோல்வியை எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னால் அப்பாவுக்கு உதவும் என்றுதான் அத்தை சொல்லிக்கொடுத்த அழுகையை விட்டுவிட்டு அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். அந்த வழக்கில் அப்பாவுக்காகப் பேசிய ஒரே சாட்சி நான்தான்.