வேலை நேரத்தைக் கேட்டு அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை

ஒரு மென்பொருள் நிறுவனம், தன் புராடக்ட் மேனேஜர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதித் தரச் சொன்னது. செயலியில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் அவர்கள்தான். மின்னஞ்சலில் கேட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை. காத்திருப்பது எனக்குச் சுத்தமாக ஒத்துவராது. போன மாதம், அவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

எட்டரைக்கு அம்பத்தூர். முதல் மேனேஜர் பிரகாஷ் காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தார், நான்கு நிமிடம் பேசினார், அடுத்த அழைப்புக்கு ஓடிவிட்டார். ஸ்டேஷனுக்கு ஆட்டோ எண்பது ரூபாய் (இரண்டு கிலோமீட்டருக்கு அநியாயம்). கடுப்பில் ஓட்டுநரிடமே புலம்பினேன்.

“இன்னா சார், வேலை செய்றவனாண்ட போயி வேலை செய்றியானு கேட்டுகினு கீறியா? அப்பால அவன் எப்ப வேலை செய்வான்?” என்றார்.

ஆவடிக்கு மின்ரயிலில் ஐந்து ரூபாய்தான். அடுத்த மேனேஜர் ஸ்டெல்லா இருப்பது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், கணவருக்கு அங்கே வேலை. நான் போய் உட்கார்ந்தபோது மணி பத்தேகால். அவர் காலண்டரில் தினமும் பத்து முதல் பன்னிரண்டு வரை ‘கஸ்டமர் மீட்டிங்’ என்றிருந்தது. யார் அந்த கஸ்டமர் என்று கேட்டேன்.

“அப்படி யாருமே இல்ல சார். காலியா வெச்சா உடனே யாராவது கூப்பிட்டுடுவாங்க. உட்கார்ந்து யோசிக்க எனக்குன்னு இருக்கறது இந்த ரெண்டு மணி நேரம்தான். இதுவும் போச்சுன்னா பசங்களோட இருக்கற நேரத்துலதான் கை வைக்கணும். என் பேரை மட்டும் போட்டுடாதீங்க.”

போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன் (ஸ்டெல்லா என்பது நான் வைத்த பெயர்). பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். பருத்திப்பட்டில் பேருந்து நகரவே இல்லை, நான்தான் சீட்டில் நெளிந்துகொண்டிருந்தேன். பூந்தமல்லியில் பார்த்த மேனேஜரும் அதே பத்து மணிக்கு இல்லாத ஒரு மீட்டிங் வைத்திருந்தார். அடடா, பெரிய விஷயம் கிடைத்துவிட்டது என்று திரும்பி வரும்போதே அறிக்கையை எழுதி அனுப்பினேன். பெயர் எதுவும் போடவில்லை. ‘யோசிக்கும் நேரம்: காலை பத்து முதல் பன்னிரண்டு’ என்று மட்டும் எழுதினேன்.

திங்கட்கிழமை ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி வந்தது: “தினமும் பத்து மணிக்கு எல்லாரும் மீட்டிங் வரணுமாம். யோசிக்கற நேரத்தை எப்படிப் பாதுகாக்கறதுன்னு பேசப் போறாங்களாம்.”

என்மேலேயே எனக்குக் கோபம் அடங்கவில்லை. இந்தப் பக்கம் இதே வேலையாகப் போகிறவர்கள் ஆவடி வரை ரயிலிலேயே போங்கள், அதற்குமேல் பேருந்தை நம்பினால் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள், எத்தனை மணிக்கு என்று எழுதாதீர்கள். ஸ்டெல்லா இப்போது பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் யோசிக்க உட்காருகிறாராம்.