துரைசானி கேட்ட ஒப்பாரி

‘போதும்’ என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். சோற்றுப் பந்தியில் சொன்னாலும் வரும்.

அப்போது மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கைக்குழந்தை காய்ச்சலில் செத்துப்போனாள். புதைத்துவிட்டு வந்த மறுநாள் விடியுமுன், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றார்.

“அழுதது போதும். பெரட்டுக்கு வா.”

பெரட்டில் பேர் கூப்பிடும்போது இல்லாதவளுக்குத் தோட்டத்தில் இடமில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு போனேன்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் விருந்தாளியாக ஒரு துரைசானி வந்தாள். தமிழ்ச் சனங்களின் பழக்கவழக்கங்களையும் பாட்டுகளையும் எழுதிக்கொண்டு போக வந்தவளாம். பாவம், கெட்டவள் இல்லை. ஆனால் அவள் தமிழ் துரையிடம் கற்ற தமிழ். வா, போ, உட்காரு. அன்பைக்கூட அதிலேதான் காட்டினாள். பங்களா வராந்தாவில் துரை நாற்காலியில் இருந்தார். என்னைத் தரையில் உட்காரவைத்து, “ஒப்பாரி பாடு” என்று சிரித்தாள்.

“வேணாங்க, அது சாவு வீட்டுப் பாட்டு” என்றேன், பக்கத்தில் நின்ற கிராணியிடம். தொடங்கினால் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும்.

“தொரை பாத்துக்கிட்டிருக்காரு. பாடும்மா.”

என்ன செய்வது? இரண்டு அடியோடு விட்டுவிடலாம் என்றுதான் தொடங்கினேன். விழுங்கி வைத்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது. மார்பில் அடித்துக்கொண்டு மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். துரைசானி பதறிப்போய் கிராணியிடம் என்னமோ கேட்டாள். அவர் துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு இங்கிலீஷில் பதில் சொன்னார். அவள் முகம் தெளிந்தது.

“போதும்” என்றாள்.

அழுகை பாதியில் நின்றது.

“என்னங்க சொன்னீங்க?” என்று கிராணியைக் கேட்டேன்.

“பழைய பாட்டு, யாரும் சாகலன்னு சொன்னேன். தோட்டத்துல புள்ளைங்க சாகுதுன்னு அந்தம்மா எழுதினா தொரை சும்மா இருப்பாரா? ஒன் நல்லதுக்குத்தான்.”

ஆமாம், என் நல்லதுக்கு!

துரைசானி உள்ளே போய்க் கை நிறைய பிஸ்கட் கொண்டுவந்தாள். “பிள்ளைக்குக் கொடு” என்றாள். துரை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நேரே லயத்துக்குப் போகவில்லை. இடுகாட்டில் என் மகளின் மண்மேட்டருகே உட்கார்ந்து, மிச்சத்தையும் அழுது தீர்த்தேன். பிறகு பிஸ்கட்டை மண்மேல் வைத்தேன். கொடுக்கச் சொன்னாளே, கொடுத்துவிட்டேன்.